20க்கு 20 மீட்டர் இடம், 30 குடும்பங்கள்: சமூகத் தோட்டத்தை எதை வைத்துத் திட்டமிடுவது?

வேலியோரம் (கேள்வி)

வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டி 20 மீட்டருக்கு 20 மீட்டர் காலி மனை ஒன்று ஐந்து ஆண்டு எழுத்து ஒப்பந்தத்தில் கிடைக்கிறது. முன்பு அங்கே இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். தோண்டினால் செங்கல் துண்டும் காரைக்கட்டியும் வருகின்றன. பெயர் கொடுத்திருப்பவை 30 குடும்பங்கள், ஏறத்தாழ 120 பேர். அரை அங்குலக் குழாய் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காலை 8 முதல் மாலை 3 வரை நல்ல வெயில் விழும். அதற்குப் பிறகு மேற்கு மதிலின் நிழல்.

என்ன செய்வது என்பதில் மூன்று கருத்து. வீட்டுக்குத் தேவையான காய்கறி முழுவதும் இங்கிருந்தே வரவேண்டும் என்பது ஒரு தரப்பு. பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடமாக இருக்கட்டும் என்பது இன்னொன்று. பெரியவர்களோ வந்து உட்கார, நாலு பேரோடு பேச, கையை மண்ணில் வைக்க ஓர் இடம் கேட்கிறார்கள். மூன்றையும் இந்த 400 சதுர மீட்டரில் எப்படி அடக்குவது? பாத்தி அளவு, மண், தண்ணீர், விதிமுறை எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். இதுபோன்ற தோட்டங்கள் எதனால் பாதியில் நின்றுபோகின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்வெட்டி

முதல் தரப்பினரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி அதிலேயே தீரும்.

பழமும் காய்கறியும் சேர்த்து ஒருவர் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 120 பேருக்கு ஆண்டுக்கு 17,520 கிலோ. 400 சதுர மீட்டரில் நடைபாதை, உரத்தொட்டி, தண்ணீர்த்தொட்டி, கருவி அறை, உட்காரும் இடம் எல்லாம் போக நடக்கூடிய பரப்பு 180 சதுர மீட்டர் தேறும். நல்ல பராமரிப்பில், ஒன்று முடிந்ததும் அடுத்த பயிர் என்று விடாமல் வைத்தால், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 5 கிலோ எடுக்கலாம். மொத்தம் 900 கிலோ, அதாவது தேவையில் 5 சதவீதம். பிரிட்டனில் காய்கறி வளர்க்க வாடகைக்கு விடும் தோட்டத்துண்டுக்கு அலாட்மென்ட் என்று பெயர். வழக்கமான முழு அலாட்மென்ட் ஒன்று சுமார் 250 சதுர மீட்டர். ஒரு குடும்பத்தின் காய்கறிக்கே அவ்வளவு பரப்பை ஒதுக்கினார்கள். உங்களிடம் ஒரு குடும்பத்துக்கு வருவது 6 சதுர மீட்டர்.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். அந்த 5 சதவீதத்தில் எதை வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெங்காயம், உருளை, பூசணி போன்றவை இடத்தையும் மாதங்களையும் விழுங்கும். வாங்கிவந்தாலும் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். கீரை அப்படியில்லை. பறித்த சில மணி நேரத்தில் வாடத் தொடங்கும், அறை வெப்பத்தில் அதன் வைட்டமின் சி வேகமாகக் குறையும். பறித்த அரை மணியில் அடுப்புக்குப் போகக்கூடிய கீரையைத் தருவதில் எந்தக் கடையும் இந்தத் தோட்டத்துக்கு ஈடாகாது. ஐந்து பாத்திகளைக் கீரைக்கென்றே ஒதுக்குங்கள். 1.2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், ஒவ்வொன்றும் 6 சதுர மீட்டர். வாரம் ஒரு பாத்தி விதையுங்கள். தண்டுக்கீரை வகைகள் 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். நான்கு பாத்திகள் வளர்ச்சியில் இருக்கும்போது ஒன்று உரமிட்டு ஆறும். சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்றால் வாரம் 9 கிலோ, குடும்பத்துக்கு 300 கிராம் கட்டு ஒன்று. கீரையில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: ஆர்வத்தில் ஐந்து பாத்தியையும் ஒரே நாளில் விதைத்துவிடுவது. பிறகு ஒரு வாரம் யாருக்கும் வேண்டாத அளவு கீரை, மூன்று வாரம் ஒன்றுமில்லை.

பாத்தி 1.2 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம். இரு பக்கமிருந்தும் 60 சென்டிமீட்டர் எட்டும் கை, அதற்கு மேல் போனால் கால் உள்ளே போகும், மண் இறுகும். பிள்ளைகளின் பாத்திக்கு 90 சென்டிமீட்டர் போதும். இடைப்பாதை 60, தள்ளுவண்டி போகும் முதன்மைப் பாதை 1.2 மீட்டர்.

இன்னொன்று. பரப்பைக் கணக்கிடுவதற்கு முன் கைகளைக் கணக்கிடுங்கள். 6 சதுர மீட்டருக்கு வாரம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேர வேலை இருக்கும். 30 பாத்திக்கு 45 முதல் 60 மணி. பொதுவேலை தனி. பெயர் கொடுத்த 30 குடும்பத்தில் வாராவாரம் உண்மையில் வரக்கூடியவர்கள் எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அந்தத் தாளை எழுதி முடித்த பிறகு வரைபடம் போடுங்கள். முதல் பருவத்தில் 12 பாத்திகளுக்கு மேல் திறக்காதீர்கள். வெட்டிப்போட்டுக் கவனிக்காமல் விட்ட பாத்தி மூன்றே வாரத்தில் களைவிதைக் கிடங்காகிவிடும்.

சருகுக்குழி

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் கட்டடம் இடித்த மனை என்றதும் முதலில் பேசவேண்டியது மண். பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம்; அது மண்ணை விட்டுத் தானாகப் போகாது.

10, 12 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுங்கள். பழைய சுவர் நின்ற ஓரங்களில் எடுத்ததைத் தனியாக வையுங்கள், ஈயம் அங்கேதான் அதிகம் சேரும். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, நிழலில் உலர்த்தி, அரை கிலோ ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளையும் கார அமில நிலையையும் (pH)தான் பார்ப்பார்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவற்றை நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். ஓர் அளவுகோலுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு நெடுங்காலம் வைத்திருந்த எச்சரிக்கை அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம். 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. சிறு பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இதில் தாராளம் காட்டக்கூடாது.

அளவு கூடுதலாக இருந்தால் தோட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. தரையில் தண்ணீர் இறங்கக்கூடிய நெய்யாத துணியை விரித்து, அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி கட்டலாம். ஈயம் செடி வழியாக உடலுக்குள் போவதைவிட, கையிலும் இலையிலும் ஒட்டிய தூசி வழியாகப் போவதே அதிகம். அதனால் பாதைகளை மரத்தூளாலோ மரச்சில்லாலோ மூடுங்கள், வாசலிலேயே கை கழுவ இடம் வையுங்கள். தக்காளி, கத்தரி, பீன்ஸ் போன்ற காய்ப்பயிரில் ஆபத்து குறைவு. முள்ளங்கி போன்ற கிழங்கிலும் கீரையிலும் கூடுதல். பாத்திச் சட்டத்துக்குப் பழைய ரயில் கட்டை வேண்டாம், அதில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய பழைய பலகையும் வேண்டாம்.

காரைக்கட்டி கலந்த மண் காரமாகிவிடும். கார அமில நிலை 8 ஐத் தாண்டினால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் காரணம். பலர் தழைச்சத்துக் குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவார்கள், பயனிருக்காது. அங்கே சாம்பலும் சுண்ணாம்பும் போடவே கூடாது.

மேட்டுப்பாத்திக்கு மேல்மண் 5 பங்கு, மட்கு (மக்கிய உரம்) 3 பங்கு, மணலோ தென்னை நார்க்கழிவோ 2 பங்கு. 6 சதுர மீட்டர் பாத்தியை 30 சென்டிமீட்டர் நிரப்ப 1.8 கன மீட்டர் வேண்டும். முதல் பருவத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும், மேல்நிரப்ப மட்கு கையிருப்பு வையுங்கள்.

வெளியிலிருந்து தொழுஉரமோ வைக்கோலோ வாங்கினால் ஒரு சோதனை கட்டாயம். புல்வெளிகளில் அடிக்கும் அமினோபைராலிட், குளோபைராலிட் வகைக் களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைக் கடந்தும், உரக்குழியைக் கடந்தும் அழியாமல் தங்கும். நான்கு தொட்டியில் அந்த உரத்தையும் நல்ல மண்ணையும் சரிபாதி கலந்தும், இன்னும் நான்கில் நல்ல மண் மட்டும் இட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதை ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் உரத்தொட்டிச் செடிகளின் இளந்தளிர் மட்டும் கிண்ணம்போல் குவிந்து தண்டு முறுக்கினால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை பாத்தியில் கலந்துவிட்டால் தக்காளியும் பீன்ஸும் அங்கே பருவக்கணக்கில் உருப்படாது.

சொந்த மட்குக்கு ஒரு கன மீட்டர் தொட்டி மூன்று: ஒன்று நிரம்ப, ஒன்று வேக, ஒன்று ஆற. கொள்ளளவில் காய்ந்த சருகு மூன்று பங்குக்குப் பச்சைக் கழிவு ஒரு பங்கு. கையில் எடுத்து இறுக்கினால் ஓரிரு துளி மட்டும் கசியும் ஈரம் போதும். நடுவில் 55 பாகையைத் தாண்டி மூன்று நாளாவது நிற்க வேண்டும். அப்போதுதான் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். சிறுநீர்க் காரநெடி வந்தால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் கூடிக் காற்று போகவில்லை, கிளறிச் சருகு சேருங்கள். சமைத்த உணவும் எண்ணெய்ப் பண்டமும் எலியை அழைக்கும். மூடியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வேலியோரம்

மிக்க நன்றி. சுவரோர மாதிரியைத் தனியாக வைப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் பற்றி யாராவது? ஒரே குழாயில் 30 பேர் வரிசை என்றால் முதல் வாரமே சண்டை வரும் என்று பயமாக இருக்கிறது.

பூவாளி

பயம் நியாயமானது. வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால் 180 சதுர மீட்டருக்கு 900 லிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் குழாயில் அது 75 நிமிடம், குழாயை யாரும் ஒரு கணம்கூட மூடாமல் இருந்தால். எல்லோரும் வருவது காலை 6 முதல் 8 வரைதான். ஆக, செடிக்கு நேரடியாகக் குழாயிலிருந்து ஊற்றும் ஏற்பாடே வேண்டாம். 1,000 லிட்டர் தொட்டி இரண்டு வைத்து இரவில் மிதவை வால்வோடு நிரப்புங்கள். காலையில் நான்கு முனைகளில் பூவாளி பிடிக்கலாம். நிரம்பிய தொட்டி ஒரு டன் எடை. அடிமேடை கான்கிரீட்டாகவோ இறுகக் கட்டிய கல்லாகவோ இருக்கட்டும். மூடி இறுக்கமாகவும், வழிகுழாய் வாயில் கொசுவலையும் கட்டாயம்.

சொட்டுநீர் ஆசை வரும். தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் மட்டுமே. அழுத்தம் சமன்செய்யும் வகைச் சொட்டுவான்கள் அதற்குத் திறக்காது. குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த சாதாரண வகை வாங்குங்கள், பக்கக்குழாயைப் பத்து மீட்டருக்குள் நிறுத்துங்கள், தொடக்கத்தில் வடிகட்டி வையுங்கள். முதல் ஆண்டில் பொதுப்பாத்திகளுக்கு மட்டும் போடுவது நல்லது. சொட்டுநீர் அடைத்துக்கொண்டதை ஒரு வாரம் யாரும் கவனிக்காமல் விட்டதால் போன பாத்திகள் ஏராளம்.

பாத்தி மண்ணின் மேல் 5 முதல் 7 சென்டிமீட்டர் காய்ந்த சருகைப் பரப்பி மூடாக்கு போட்டால் தண்ணீர்த் தேவை கண்கூடாகக் குறையும். தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். ஊற்றுவதற்கு முன் விரலை 5 சென்டிமீட்டர் உள்ளே விட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரட்டும். புதியவர்கள் செடியைக் கொல்வது வறட்சியால் அல்ல, அன்பு மிகுந்து ஊற்றுவதால்.

விதைக்கூடு

பிள்ளைகள் பக்கம். "கற்றுக்கொள்ளும் இடம்" என்று பலகை மாட்டி, மாதம் ஒருமுறை நாற்பது பிள்ளைகளைக் கூட்டிவந்து சுற்றிக்காட்டினால் யாருக்கும் ஒன்றும் ஒட்டாது. வாரம் ஒருமுறை, 40 நிமிடம், ஒரு பெரியவருக்கு எட்டுப் பிள்ளைகள், அதே பாத்திக்கு அதே பிள்ளைகள். முளைத்ததைப் பார்த்த பிள்ளைதான் அடுத்த வாரம் ஓடி வரும்.

பீன்ஸ் விதை பெரிது, சின்ன விரலுக்குப் பிடிபடும், 5 முதல் 8 நாளில் தலைகாட்டும். முள்ளங்கி ஒரு மாதத்துக்குள் கையில் வரும். இவை இரண்டோடு தொடங்குங்கள். பள்ளி நாட்காட்டியை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பறிப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறியுங்கள். பிள்ளைகள் தோட்டம் விட்டுப்போகக் காரணம் பெரும்பாலும் இதுதான்: காய் பழுக்கும் நேரத்தில் நீண்ட விடுமுறை, திரும்பி வந்தால் காய்ந்த கொடி.

செலவில்லாத பாடங்கள் சில. ஈரத்தாளில் பத்து விதை சுருட்டி வைத்து முளைத்ததை எண்ணினால் சதவீதம் என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டாம். கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு துளி சோப்பு. குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள்கூடக் கலங்கி நிற்கும். அளவுகோல் வைத்துப் படிவுகளை அளக்கலாம். மூடாக்கு போட்ட பாத்தியிலும் போடாததிலும் பிற்பகல் 2 மணிக்கு 5 சென்டிமீட்டர் ஆழ வெப்பநிலையை எடுத்துப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். மூடாக்கு எதற்கு என்று பெரியவர்களே கேட்க மாட்டார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு பாடம் அவசியம், அது விதை சேகரிப்பு. தக்காளி, பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை. ஹைப்ரிட் (கலப்பின) வகையாக இல்லாவிட்டால், எடுத்த விதை தாயைப் போலவே வரும். பூசணிக் குடும்பம் அப்படியில்லை. தேனீ ஒரு கொடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்; அழகுக்கு வளர்க்கும் கசப்பு வகையோ காட்டு வகையோ அருகில் இருந்தால் அடுத்த தலைமுறைக் காய் கசக்கலாம். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின், நஞ்சு. சமைத்தாலும் போகாது. சுரைக்காயோ சீமைச்சுரையோ ஒரு வில்லை கடித்துக் கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியவேண்டும், செடியைப் பிடுங்கவேண்டும். பகிர்ந்து உண்ணும் தோட்டத்தில் இது எல்லோர் காதிலும் விழவேண்டிய செய்தி.

நிழல்பந்தல்

பெரியவர்களின் கோரிக்கையைக் கடைசியில் மிஞ்சிய மூலையில் தள்ளிவிடாதீர்கள். இந்த மூன்றில் ஆய்வு ஆதாரம் வலுவாக உள்ள பக்கங்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவின் டென்வர் பகுதியில் 2017 தொடங்கி, தோட்டப் பழக்கம் இல்லாத, 18 வயது நிரம்பிய 291 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குச் சமூகத் தோட்டத்தில் பாத்தி கொடுத்தார்கள், மறுபாதியை ஓராண்டு காத்திருக்கச் சொன்னார்கள். 2023இல் வந்த முடிவின்படி பாத்தி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாக உண்டார்கள், உடலுழைப்பு கூடியது, மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. நெதர்லாந்தில் 30 தோட்டக்காரர்களை மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைச் செய்யவைத்து, பிறகு சிலரை அரை மணி தோட்ட வேலையிலும் சிலரை உள்ளே வாசிப்பிலும் விட்டுப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. மன அழுத்தத்தின்போது கூடும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் இரு குழுவிலும் இறங்கியது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகம் இறங்கியது.

டென்வரில் பாத்தியோடு விதையும் நாற்றும் தொடக்கப் பயிற்சியும் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வெறும் மண்ணைக் காட்டி "வாருங்கள்" என்றால் தனியாக வாழும் ஒருவர் வரமாட்டார். இந்தக் கிழமை, இந்த மணி, இந்த வேலை, உங்களுக்காக இன்னார் காத்திருப்பார் என்று சொன்னால் வருவார்.

முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரப் பாத்தி இரண்டாவது வேண்டும். ஒரே பக்கம்தான் எட்டும் என்றால் அகலம் 60ஐத் தாண்டக்கூடாது. சக்கர நாற்காலிக்கு 1.2 மீட்டர் பாதை, இறுகிய தரை. மரச்சில்லில் சக்கரம் புதையும். மேற்கு மதில் நிழலில் மேசையும் சாய்மானமுள்ள பெஞ்சும் போட்டால் விதை பிரித்தல், நாற்று வளர்க்கும் குழித்தட்டு நிரப்புதல், பெயர்ப்பட்டை எழுதுதல் எல்லாம் உட்கார்ந்தே நடக்கும். நாற்றங்காலுக்கும் அந்த நிழல் ஏற்றது. பேச விரும்பாமல் சும்மா களை பறித்துவிட்டுப் போகிறவரும் இருப்பார். அவரைப் பேச வைக்க முயலாதீர்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி எல்லோருக்கும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மட்கு மூட்டையை முகத்தருகே வைத்துப் பிரிக்கக்கூடாது. லேசாக நனைத்து, திறந்த வெளியில் பிரியுங்கள். அந்தத் தூசியில் லீஜியோனெல்லா கிருமி இருக்கலாம், வயதானவர்களுக்கு நுரையீரல் தொற்று தரும்.

மண்வெட்டி

ஏன் நின்றுபோகின்றன என்ற கேள்விக்கு யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. பூச்சியாலும் வறட்சியாலும் நின்ற தோட்டங்கள் குறைவு. சாவி ஒரே ஆளிடம் இருந்து, அவர் ஊர் மாறிப் போனதால் நின்றவை அதிகம். சாவி, தண்ணீர், மட்கு, பிள்ளைகள், கணக்கு ஆகிய ஐந்துக்கும் ஒருவரும் அவருக்கு மாற்றாள் ஒருவரும் முதல் கூட்டத்திலேயே வேண்டும்.

தனிப்பாத்தியா பொதுப்பாத்தியா என்று கேட்டால், இரண்டும். எல்லாமே பொது என்றால் உழைத்தவர் யார், பறித்துப் போனவர் யார் என்ற முணுமுணுப்பு வரும். எல்லாமே தனி என்றால் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இடமில்லை. முதல் 12 பாத்தியில் கீரைக்கு 5, பிள்ளைகளுக்கு 2, உயரப்பாத்தி 2, மீதி 3ஐ ஆறு குடும்பங்களுக்குப் பாதிப் பாதியாகக் கொடுங்கள். பொதுக்கீரை யாருக்கு எவ்வளவு என்பதை விதைக்கும் முன்பே எழுதி மாட்டுங்கள்: அந்த வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செய்த குடும்பத்துக்கு முதல் கட்டு, மிச்சம் மற்றவர்களுக்கு. உடம்பு முடியாதவர்களுக்கு வேலைக் கணக்கு கிடையாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

மூன்று வாரம் ஆள் வராத தனிப்பாத்திக்கு ஒரு நினைவூட்டல். அதற்குப் பின் இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு. நோய், பிரசவம், துக்கம் என்றால் பாத்தியைப் பறிக்கக்கூடாது, மூடாக்கு போட்டுப் பக்கத்துப் பாத்திக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். வாசலோரம் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று எழுதி இரண்டு மீட்டர் கீரை விடுங்கள். உள்ளே கை வைப்பது பெருமளவு குறையும்.

வேலியோரம்

மண் மாதிரியை இந்த வாரமே எடுக்கிறோம். கிழமை, மணி தாளும் சுற்றில் விடப்படுகிறது. ஒரு சந்தேகம்: ஆய்வு முடிவு வரும்வரை சும்மா இருப்பதா?

சருகுக்குழி

வேண்டாம். தரையைத் தோண்டாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. உரத்தொட்டிகளை மேற்கு மதிலோரம் அடியில் தளம் போட்டு நிறுத்திச் சருகு சேர்க்கத் தொடங்குங்கள். கிளறிக்கொடுத்தால் மூன்று, நான்கு மாதத்தில் மட்கு கிடைக்கும். தண்ணீர்த்தொட்டிக்கு மேடை கட்டுங்கள். வாங்கப்போகும் தொழுஉரத்துக்குப் பீன்ஸ் சோதனையை இன்றே வையுங்கள், முடிவு தெரிய மூன்று வாரம் ஆகும். குழித்தட்டில் தக்காளி, கத்தரி விதைத்தால் நாற்று நான்கைந்து வாரத்தில் தயாராகும். செங்கல் துண்டு பொறுக்கும் வேலைக்கு மட்டும் இப்போது பிள்ளைகளை இறக்காதீர்கள். பெரியவர்கள் கையுறையும் முகக்கவசமும் போட்டு, தரையை நனைத்துவிட்டுப் பொறுக்கட்டும்.